கஞ்சாச் செடிக்குத் தண்ணீரும் பசளையும்: ஸ்காபரோ பின்வளவில் ஒரு கோடை

முதல் முறையாகக் கஞ்சா வளர்க்கப் போகிறவர் கடைக்குள் நுழைந்ததும் பசளைப் போத்தல்கள் அடுக்கிய தட்டுக்கு முன்னால்தான் போய் நிற்பார். வேருக்கு ஒன்று, இலைக்கு ஒன்று, மொட்டுக்கு ஒன்று, மொட்டைப் பெருக்க இன்னொன்று என்று எல்லாம் வரிசையாக இருக்கும். அந்தத் தட்டைக் கடந்து போங்கள் என்றுதான் சொல்வேன். முதலில் தேவைப்படுவது பயணப்பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசு. ஊருக்குப் போய்வருகிற எந்தத் தமிழ் வீட்டிலும் அலுமாரிக்குள் ஒன்று கிடக்கும். இந்தக் கோடை முழுக்க, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், என் நான்கு செடிகளுக்கும் எப்போது தண்ணீர் விடுவது என்பதை அந்தத் தராசுதான் தீர்மானித்தது. பசளைக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

நான்கு என்ற எண்ணுக்குக் காரணம் சட்டம். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் ஒரு வீட்டில் நான்கு செடிவரை வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு அல்ல, வீட்டுக்கு நான்கு. வீட்டில் ஆறு பெரியவர்கள் இருந்தாலும் நான்குதான். ஒன்ராறியோவில் வயது 19 ஆகியிருக்க வேண்டும், விதையையும் அனுமதி பெற்ற கடையில்தான் வாங்க வேண்டும். கியூபெக்கில் வீட்டில் வளர்ப்பதற்கே தடை. அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. வாடகை வீட்டிலும் கொண்டோ என்கிற அடுக்குமாடி வீட்டிலும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் தொடங்காதீர்கள். ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இந்தியாவில் ஒரு கஞ்சாச் செடி வளர்த்தாலும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி பத்து ஆண்டுவரை கடுங்காவல் கிடைக்கலாம். இலங்கையிலும் வீட்டில் வளர்ப்பது குற்றம். அங்கே இருப்பவர்கள் இங்கே எழுதியிருப்பதைத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. என் பின்வளவில் வேலி உயரம், வாசலுக்குப் பூட்டு உண்டு. பிள்ளைகள் வந்துபோகிற வீட்டில் அந்தப் பூட்டு கட்டாயம் வேண்டும்.

சாடியும் கலவையும்

சாடிகள் 11 லீற்றர் கொள்கிற துணிச்சாடிகள். அவற்றைத் தேர்ந்ததற்கு முதல் காரணம் இரண்டு பக்கமும் கைப்பிடி இருப்பது. கைப்பிடி இருந்தால்தான் தராசின் கொக்கியை மாட்ட முடியும். துணி பக்கவாட்டிலும் காற்றை விடுவதால் வேர் சாடிச் சுவரைச் சுற்றிச் சுற்றி வளையாது என்பது இரண்டாவது காரணம்.

நிரப்பியது கடையில் மூட்டையாகக் கிடைக்கும் பீட் பாசிக் கலவை. பீட் என்பது சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி. அதோடு பேர்லைட் என்கிற வெள்ளை எரிமலைப் பருக்கை, அமிலத்தைக் குறைக்கக் கொஞ்சம் சுண்ணாம்பு. தோட்டத்து மண்ணை வெட்டிச் சாடிக்குள் போடாதீர்கள். தரையில் நல்லதாக இருக்கிற மண் சாடிக்குள் இறுகிவிடும். தும்புச்சோறு, அதாவது தமிழ்நாட்டில் நார்க்கழிவு என்கிறார்களே, அதையும் யோசித்தேன். பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிற அந்தக் கட்டிகள் இங்கே எல்லாத் தோட்டக் கடைகளிலும் இருக்கின்றன. நல்ல பொருள்தான். ஆனால் அதன் இயல்பு வேறு. தும்புச்சோறு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விட்டு, கல்சியத்தையும் மகனீசியத்தையும் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் முதலில் கல்சியம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். செடி பெருத்த பிறகு அனேகமாகத் தினமும், ஒவ்வொரு முறையும் பசளை கலந்தே, தண்ணீர் விட வேண்டும். வேலைக்குப் போய்வருகிற புதியவருக்குப் பீட்தான் பொறுமையான கலவை.

சாடிக்கு அடியில் கல்லோ உடைந்த ஓடோ போடும் பழக்கம் நம் ஆட்களிடம் பரவலாக உண்டு. தண்ணீர் நன்றாக வடியும் என்று நினைத்துப் போடுகிறார்கள், நடப்பது எதிர்மாறு. எந்தச் சாடியிலும் வடிந்து முடிந்த பிறகு அடியில் ஒரு படை ஈரம் வடியாமல் தங்கும். நுண்ணிய கலவையிலிருந்து பருக்கைக் கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. அதனால் அந்த ஈரப்படை கல்லுக்கு மேலே போய் உட்காரும், அதாவது வேருக்கு இன்னும் கிட்ட. கல் போட்ட அளவுக்கு வேருக்கான இடமும் போய்விடும். அடிவரை ஒரே கலவையாக நிரப்பினேன்.

நிறை பார்ப்பது

மூட்டையிலிருந்து கலவையைப் போட்டு நிரப்பியதும் ஒரு சாடி 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. மெதுவாகத் தண்ணீர் விட்டு, அடியால் வடியும்வரை நனைத்து, வடிந்து ஓய்ந்த பிறகு கொக்கியில் மாட்டினால் 7 கிலோவைத் தாண்டியது. இந்த இரண்டு எண்களையும் சாடியின் கைப்பிடியிலேயே ஒட்டிவைத்தேன். இவற்றுக்கு நடுவில்தான் செடியின் வாழ்க்கை. நிறை 4 கிலோவுக்குக் கிட்ட இறங்கும்வரை தண்ணீர் இல்லை. இறங்கினால் முழுதாக நனையும்வரை தண்ணீர். செடி பெருக்கப் பெருக்க அதன் நிறையும் சேரும், அதற்கேற்ப இலக்கைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன்.

அதிகத் தண்ணீர் என்று சொல்வதைப் பலர் ஒரு முறைக்கு விடுகிற அளவு என்று விளங்கிக்கொள்கிறார்கள். அது அப்படியில்லை. ஒரே தடவையில் வாளி வாளியாக விட்டாலும் மிச்சம் அடியால் போய்விடும், செடிக்கு ஒன்றும் ஆகாது. கெடுப்பது இடைவெளி இல்லாமை. வேருக்குத் தண்ணீரைப் போலவே ஒட்சிசனும் வேண்டும். கலவையின் துளைகளில் இருக்கும் தண்ணீர் இறங்கினால்தான் அந்த இடத்துக்குக் காற்று வரும். தினமும் ஒரு கோப்பை என்று விட்டுக்கொண்டே இருந்தால் காற்று வர வழியில்லை. வேர் மூச்சு முட்டி அழுகத் தொடங்கும், அழுகிய வேர் தண்ணீரை இழுக்காது, இலை தொங்கும். இங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள் வைத்த கறிவேப்பிலை சாவதற்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

அடுத்த தெருவில் ஓர் அண்ணை இதே கோடையில்தான் தொடங்கினார். ஜூனில் ஒரு மாலை தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, இலையெல்லாம் தொங்குது. இன்னும் கொஞ்சம் தண்ணி விடட்டோ?"

"அண்ணை, சாடியை ஒருக்கால் தூக்கிப் பாருங்கோ."

"தூக்கேலாது, கனக்குது."

"அப்ப விடாதேங்கோ. தொடவே வேண்டாம்."

தண்ணீர் இல்லாமல் தொங்குகிற இலை மெலிந்து, துணி போலத் துவண்டிருக்கும். தண்ணீர் கூடித் தொங்குகிற இலை உப்பலாக, காம்பிலிருந்தே கீழ்நோக்கி வளைந்து விறைப்பாக இருக்கும். கண்ணுக்குப் பழகும்வரை இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். பழகுவதற்குள் செடி போய்விடும் என்பதால்தான் தராசு. அண்ணையின் செடிகள் தண்ணீரை நிறுத்திய பிறகு தாமாகவே நிமிர்ந்தன.

சின்னக் கன்றைப் பெரிய சாடியில் நட்டால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். இழுக்க வேரே இல்லாத இடமெல்லாம் ஈரமாக நிற்கும். ஏப்ரலில் வீட்டுக்குள் முளைத்த கன்றுகளை முதலில் ஒரு லீற்றர்ச் சாடிகளில் வைத்து, வேர் அந்தச் சாடியை நிரப்பிய பிறகே, மே பிற்பகுதியில் வருகிற விக்ரோறியா நாள் வார இறுதி கழிந்து உறைபனிப் பயம் போனதும், 11 லீற்றருக்கு மாற்றினேன். மாற்றிய பிறகும் முதல் சில தடவை முழுச் சாடியையும் நனைக்காமல், தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவு வட்டமாக மட்டும் விட்டேன். வேர் ஈரத்தைத் தேடி வெளியே நகரட்டும் என்று ஒவ்வொரு முறையும் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்தால் சின்னக் கறுப்புப் பூச்சிகள் கிளம்பும். பங்கஸ் நாற் என்று இங்கே சொல்வது. பறக்கிறது தொல்லை மட்டும்தான், மண்ணுக்குள் இருக்கும் அதன் புழுதான் இளவேரைத் தின்னும். மேலே இரண்டு விரல் ஆழம் காயவிடுவதே முதல் மருந்து. மஞ்சள் ஒட்டு அட்டை பறப்பதைப் பிடிக்கும். புழுவுக்கு நுளம்புப் புழுவைக் கொல்ல விற்கும் பி.ரி.ஐ. பக்ரீரியாவைத் தண்ணீரில் கலந்து விடலாம்.

ஜூலை வெயிலில் மறுபக்கப் பிரச்சினை வந்தது. 30 பாகை, காற்று, துணிச்சாடி: காலையில் 7 கிலோ, மறுநாள் மாலை 4க்குக் கீழே. பீட் ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைத் தள்ளும். மேலே விட்டது சாடிக்கும் கலவைக்கும் நடுவில் இருக்கும் வெடிப்பால் இறங்கி அடியால் ஓடிவிடும். பார்க்கிறவருக்கு நிறைய வடிகிறதே, நனைந்துவிட்டது என்று தோன்றும். தராசு ஏமாறாது: விட்ட பிறகும் 4.5 கிலோதான் என்றால் நடுக்கட்டி காய்ந்தே கிடக்கிறது. அப்படி ஒரு சாடியை உடுப்புக் கழுவும் பிளாஸ்ரிக் தொட்டியில் நான்கு விரல் தண்ணீரில் அரை மணி நேரம் இருத்திவைத்தேன். கீழிருந்து ஊறி நிறை திரும்பியது. அதன் பிறகு விடும்போது பாதியை விட்டு, கால் மணி நேரம் கழித்து மீதியை விடுகிறேன்.

குழாய்த் தண்ணீர்

ரொறன்ரோவின் குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருவது. நடுத்தரக் கடினம். கல்சியம் ஓரளவு அதிலேயே உண்டு. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் மின்கடத்துதிறன், அதாவது ஈ.சி., என் மானியில் 0.3 mS/cm அளவில் காட்டியது. வாளியில் ஓர் இரவு வைத்தால் குளோரீன் பறந்துவிடும் என்று சொல்வார்கள். இந்த நகரத்தில் போடுவது குளோரமைன், அது அவ்வளவு சுலபமாகப் பறக்காது. குடிநீரில் இருக்கும் அளவால் சாடிச் செடிக்குக் கேடு வரும் என்று நான் நினைக்கவில்லை. நேரே குழாயிலிருந்துதான் விடுகிறேன். இரவு வைப்பதில் ஒரு நன்மை உண்டு: குளிர்ந்த தண்ணீர் வெளிச் சூட்டுக்கு வரும்.

பி.எச். என்ற அமிலக்காரக் கணக்கில் பீட் கலவைக்கு 6.0 முதல் 6.8 வரை நல்லது. அதற்கு மேலே போனால் மண்ணில் இரும்பு இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது. புதிய இலை நரம்பு பச்சையாகவும் நடு மஞ்சளாகவும் வந்தால் உடனே இரும்புப் பசளை வாங்காமல் முதலில் பி.எச். பாருங்கள். மானி வாங்கினால் 4, 7 என்ற இரண்டு அளவுத் திரவங்களையும் சேர்த்து வாங்க வேண்டும். சரிபார்க்காத பி.எச். மானி காட்டுவது வெறும் எண். அதன் முனையைக் காயவிடவும் கூடாது.

பசளை

பையில் இருக்கும் மூன்று எண்களும் நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம். தமிழ்நாட்டில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் தனிமத்தின் அளவல்ல, ஒட்சைட்டாகக் கணக்கிட்டவை. பொசுபரசுக்கு 0.44ஆலும் பொட்டாசியத்துக்கு 0.83ஆலும் பெருக்கினால்தான் உண்மை அளவு வரும். இதைத் தெரிந்துகொண்டால் போத்தல்களின் படங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம்.

நான் எடுத்தது தக்காளிக்கென்று விற்கும் 4-18-38 தூள், கல்சியம் நைத்திரேற்று (15.5-0-0), எப்சம் உப்பு என்கிற மகனீசியம் சல்பேற்று. மூன்றும் சேர்த்து ஒரு கோடைக்கு ஆகிற செலவு, கஞ்சாப் படம் போட்ட ஒரு போத்தலின் விலைக்குள் அடங்கும். வீட்டில் கோப்பி நிறுக்கிற சின்னத் தராசு இருந்தால் போதும். 10 லீற்றர் வாளிக்கு முழு அளவில் 6 கிராம் தக்காளித் தூள், 3 கிராம் எப்சம், 9 கிராம் கல்சியம் நைத்திரேற்று. இந்த வரிசையிலேயே, ஒன்று கரைந்த பிறகு அடுத்தது. உலர் தூள்களை ஒன்றாகக் கொட்டிக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்தால் கல்சியம் சல்பேற்றோடும் பொசுபேற்றோடும் சேர்ந்து வெள்ளையாகப் படியும். படிந்தது செடிக்குக் கிடைக்காது.

கணக்குப் பார்த்தால் லீற்றருக்கு நைதரசன் 164 மில்லிகிராம், பொசுபரசு 47, பொட்டாசியம் 189 அளவில் வரும். இங்கிருந்து ஒரு மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கும் குவெல்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கட்டுரையில், பூக்கும் பருவத்தில் நல்ல விளைச்சல் தந்த அளவு நைதரசன் 194, பொசுபரசு 59 அளவில் இருந்தது. அவர்கள் பார்த்த வீச்சில் பொட்டாசியத்தைக் கூட்டியதால் விளைச்சல் கூடவில்லை. அது உள்ளரங்கில், மண்ணில்லாமல் செய்த ஆய்வு. என் சாடிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் மொட்டு வந்ததும் நைதரசனை வெட்டிப் பொசுபரசைக் கொட்ட வேண்டும் என்று போத்தல்கள் சொல்கிற கதைக்கு அது நேர்மாறு. மொட்டு பெருக்கும் போத்தல் ஒன்றும் நான் வாங்கவில்லை.

முழு அளவைத் தொடக்கத்திலேயே கொடுக்கக் கூடாது. மூட்டைக் கலவையில் முதல் சில வாரங்களுக்குப் போதுமான பசளை இருக்கலாம், பையில் வாசித்துப் பாருங்கள். கன்றில் நான்கைந்து சோடி இலை வந்த பிறகு பாதி அளவில் தொடங்கினேன். குழாய்த் தண்ணீரோடு சேர்த்து ஈ.சி. 1.2 சுற்றி. ஜூலையில், செடி இடுப்பளவுக்கு வந்து தண்ணீரை வேகமாக இழுக்கத் தொடங்கியதும் முழு அளவு. அப்போது மானி 2க்குச் சற்று மேலே காட்டியது. இரண்டு முறை பசளைத் தண்ணீர், ஒரு முறை வெறும் தண்ணீர் என்று மாறி மாறி. ஒவ்வொரு முறையும் விட்டதில் பத்தில் ஒரு பங்காவது அடியால் வடிய வேண்டும், அதோடு தேங்கும் உப்பும் போய்விடும். சாடிக்குக் கீழே தட்டில் நிற்கும் தண்ணீரை வெளியே கொட்டிவிடுங்கள். அப்படியே விட்டால் உப்பு திரும்ப மேலே ஏறும்.

மானி வாங்கும்போது கவனிக்க ஒன்று. கரைந்த உப்பை அளப்பதாகச் சொல்லும் மலிவான டி.டி.எஸ். மானிகள் ஈ.சி.யைத்தான் அளக்கின்றன, அதைப் பெருக்கிப் பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, என்று காட்டுகின்றன. சிலது 500ஆல் பெருக்கும், சிலது 700ஆல். ஒரே வாளி ஒரு மானியில் 600, இன்னொன்றில் 840. ஒருவர் "800 கொடுக்கிறேன்" என்றால் அவர் மானி எது என்று தெரியாமல் பின்பற்ற முடியாது. ஈ.சி. எண்ணிலேயே கதையுங்கள்.

இலை சொல்வது

நைதரசனும் மகனீசியமும் செடிக்குள் நகரக்கூடியவை. குறைந்தால் கீழிலையிலிருந்து எடுத்து மேலிலைக்குக் கொடுக்கும். ஆகவே கீழிலை முழுதாக வெளிறினால் நைதரசன், கீழிலையில் நரம்பு பச்சையாக இருக்க நடுமட்டும் மஞ்சளானால் மகனீசியம். கல்சியமும் இரும்பும் நகராதவை, அவற்றின் குறை புதிய இலையில் தெரியும். இலை எங்கே கெடுகிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். கூடினதற்கும் அடையாளம் உண்டு: நுனி மட்டும் கருகினால் உப்பு எல்லையைத் தொட்டிருக்கிறது, இலை கருமைப் பச்சையாகி நுனி நகம் போலக் கீழே வளைந்தால் நைதரசன் மிஞ்சியிருக்கிறது. என் செடி ஒன்றில் நுனி கருகத் தொடங்கியது. மற்ற மூன்றும் அதே வாளியில்தான் குடித்தன. விதை வேறு என்றால் பசியும் வேறு. அதற்கு மட்டும் முக்கால் அளவாகக் குறைத்தேன், கருகல் புதிய இலைகளுக்கு ஏறவில்லை.

ஓகஸ்டில் பகல் குறைந்து பூக்கத் தொடங்கியபோது ஓர் ஆண் செடி தெரிந்தது, அதன் மகரந்தத்தால் மற்றவை விதை பிடிக்காமல் இருக்கப் பிடுங்கினேன். மிச்சம் மூன்றும் இரண்டு வாரத்துக்குள் மளமளவென்று உயர்ந்தன. தண்ணீர்த் தேவை அப்போதுதான் உச்சம். செப்டெம்பரில் பகல் தணிந்ததும் தேவை சட்டென்று குறைந்தது. கோடைப் பழக்கத்தில் விட்டுக்கொண்டே இருந்தால் கெடுகிற காலம் இதுதான். தராசில் 4 கிலோ வர மூன்று நான்கு நாள் எடுத்தது. பசளையையும் பாதிக்குக் கொண்டுவந்தேன். கீழிலைகள் மஞ்சளானதை அந்தக் கட்டத்தில் திருத்தப் போகவில்லை, முதிர்கிற செடிக்கு அது இயல்பு. தண்ணீரைக் காலையில், இலையிலும் மொட்டிலும் படாமல் மண்ணில் மட்டும் விட்டேன். மொட்டு இறுகிய பிறகு மேலே ஈரம் நின்றால் சாம்பல் பூஞ்சணம் உள்ளுக்குள் பிடிக்கும், வெளியே தெரியும்போது நடு மொட்டு போய்விட்டிருக்கும். மழை அறிவித்த நாட்களில் சாடிகளைக் கைப்பிடியில் தூக்கிக் கார்க் கொட்டகைக் கூரைக்குக் கீழே வைத்தேன். மூன்றும் பூஞ்சணம் இல்லாமல் ஒக்டோபர் முதல் வாரத்தில் வெட்டுக்கு வந்தன.

சாடியிலிருந்து கட்டியை எடுத்துப் பார்த்தேன். வேர் அடிவரை வெள்ளையாக, எல்லாப் பக்கமும் பரவியிருந்தது. பீட் கலவையை எறிய வேண்டியதில்லை. தடித்த வேரை எடுத்துவிட்டு, வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவி உப்பை இறக்கி, கொஞ்சம் புதிய கலவையும் மண்புழு உரமும் சேர்த்து மூடிவைத்திருக்கிறேன். அடுத்த வசந்தத்தில் அதில் மிளகாய் வைக்கலாம். அண்ணையும் இப்போது ஒரு கொக்கித் தராசு வாங்கியிருக்கிறார், அவருடைய கறிவேப்பிலைச் சாடிக்கு.